பெங்களூரு மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்தது எப்படி? பழைய காத்தா செல்லுமா?

அல்சூரில் வீடு வைத்திருக்கும் ஒருவர், மாநகராட்சி பிரிந்துவிட்டதால் பழைய வரி ரசீதும் காத்தாவும் (சொத்து வரிக்காக மாநகராட்சி வைத்திருக்கும் சொத்துக் கணக்குப் பதிவு) செல்லாமல் போகுமா என்று கேட்டிருக்கிறார். செல்லும், அஞ்ச வேண்டாம்.

உள்ளாட்சி மாநிலப் பட்டியலில் உள்ள பொருள் என்பதால், கர்நாடகச் சட்டமன்றமே கிரேட்டர் பெங்களூரு ஆளுகைச் சட்டம், 2024 என்பதை நிறைவேற்றியது. அது 2025 மே 15 அன்று நடைமுறைக்கு வந்து, செப்டம்பர் 2 அன்று ஐந்து மாநகராட்சிகளும் அமைந்தன. பழைய அமைப்பின் சொத்து, கடன், ஊழியர், ஒப்பந்தம், நிலுவை வழக்கு யாவும் அதன் இடத்துக்கு வரும் புதிய அமைப்பைச் சேரும் என்பது இத்தகைய சட்டங்களின் வழக்கமான ஏற்பாடு. ஆகவே ரசீதின் தலைப்பில் ‘பிருஹத் பெங்களூரு மகாநகர பாலிகே’ என்று பழைய மாநகராட்சியின் பெயர் அச்சாகியிருந்தாலும், கட்டிய வரி கட்டியதுதான்.

எனக்குக் கவலை தருவது வருவாய்ப் பங்கீடு. 2012இல் மூன்றாகப் பிரிக்கப்பட்ட டெல்லியில், கிழக்கு மாநகராட்சிக்கு வருவாய் போதாமல் துப்புரவுப் பணியாளர்களின் சம்பளம் தாமதமாகி, அவர்கள் வேலைநிறுத்தம் செய்ய, தெருவெங்கும் குப்பை குவிந்தது. 2022இல் நாடாளுமன்றம் மூன்றையும் மீண்டும் ஒன்றாக்கியது. எல்லைக்கோடு வரைவதைவிட, வரி குறைவாக வரும் பகுதிக்குப் பணம் எங்கிருந்து வரும் என்பதையே நாம் முதலில் கேட்க வேண்டும்.

அல்சூர் இப்போது பெங்களூரு மத்திய மாநகராட்சியில் இருக்கிறது. பழைய ரசீதுகளைப் பத்திரமாக வைத்திருங்கள்.