பேரப்பிள்ளைகளைத் தந்தை அழைத்துச் செல்லப்போகிறார்: அம்மம்மா எங்கே போவது?

கேள்வி:

நான் வடமராட்சியில் வசிக்கும் 66 வயதுப் பெண். என் மூத்த மகள் நோயுற்று மூன்று ஆண்டுகளுக்கு முன் காலமானார். அவருடைய மகளுக்கு இப்போது 12 வயது, மகனுக்கு 8 வயது. அன்றிலிருந்து இருவரும் என்னுடனேயே இருக்கிறார்கள். மருமகன் வவுனியாவில் மறுமணம் செய்துகொண்டு, ஒரு தனியார் நிறுவனத்தில் சாரதியாக வேலை செய்கிறார். பிள்ளைகளின் செலவுக்கு எதுவும் அனுப்புவதில்லை. கடந்த விடுமுறையில் அழைத்துச் சென்றபோது பேத்தியை இடுப்புப் பட்டியால் அடித்திருக்கிறார். காலில் இன்னும் அடையாளம் இருக்கிறது. இப்போது பாடசாலையில் விடுகைப் பத்திரம் எடுத்து இருவரையும் நிரந்தரமாகக் கூட்டிச் செல்லப்போவதாகச் சொல்கிறார். உதவி கேட்டுப் போன ஓர் அலுவலகத்தில், வசதியில்லாவிட்டால் சிறுவர் இல்லத்தில் சேர்த்துவிடும்படி சொன்னார்கள். முறைப்பாடு செய்தால் பிள்ளைகளை என்னிடமிருந்து எடுத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமும் இல்லை. எனக்கு ஏதாவது உரிமை உண்டா? எனக்குப் பிறகு இவர்களை யார் பார்ப்பது?

பதில்:

அம்மா, உங்களுக்குச் சாதகமில்லாத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். தாய் இறந்தபின் பிள்ளைகளின் இயற்கைப் பாதுகாவலர் தந்தைதான். மூன்று ஆண்டுகள் வளர்த்தீர்கள் என்பதால் மட்டும் அந்த உரிமை தானாக உங்களுக்கு வந்துவிடாது; இன்றைய நிலையில் உங்கள் கையில் ஒரு கட்டளையும் இல்லை. ஆனால் தந்தையின் உரிமை ஒரு சொத்துரிமை போன்றது அன்று. பிள்ளைகள் யாரிடம் இருக்க வேண்டும் என்ற கேள்வி நீதிமன்றத்தின் முன் வந்தால் அவர்களுடைய நலனே முதன்மையாகப் பார்க்கப்படும். மூன்று ஆண்டுகளாக அவர்கள் எங்கே உறங்கினார்கள், எந்தப் பாடசாலைக்குப் போனார்கள், செலவை யார் சுமந்தார், அந்தக் காலில் இருக்கும் அடையாளம் எப்படி வந்தது என்பவை எல்லாம் அப்போது கணக்கில் எடுக்கப்படும். எழுத்தில் பதிவாகியிருந்தால்தான் எடுக்கப்படும் என்பதே சிக்கல். ஆகவே நீங்கள் ஒவ்வோர் அலுவலகத்துக்கும் போவது உதவி கேட்பதற்காக மட்டுமன்று, பதிவு உண்டாக்குவதற்காகவும்தான்.

நம்மவர் பலர் இவ்விடத்தில் யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையை நினைவூட்டுவார்கள். ஒல்லாந்தர் காலத்தில் 1707 அளவில் தொகுக்கப்பட்ட அந்தச் சட்டத்தில், மனைவியை இழந்த தந்தை மறுமணம் செய்ய விரும்பினால், சிறு பிள்ளைகளை அவருடைய மாமியாரோ நெருங்கிய உறவினரோ வழக்கமாக ஏற்று வளர்ப்பார்கள் என்று எழுதப்பட்டிருப்பது உண்மையே. உங்கள் நிலைமையை முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே யாரோ கண்டு எழுதிவைத்தது போலத்தான் இருக்கிறது. எனினும் அந்த ஒரு வாசகத்தை மட்டும் நம்பி நீதிமன்றத்துக்குப் போகுமாறு நான் சொல்ல மாட்டேன். அம்மம்மாவிடம் வளர்வது இந்த மண்ணின் வழக்கத்துக்குப் புறம்பானது அன்று என்று காட்ட அது உதவும். அதற்குமேல் பாரம் தாங்காது.

உடனடியாகச் செய்ய வேண்டியது பேத்தியை வைத்தியரிடம் காட்டுவதுதான். மந்திகையிலுள்ள பருத்தித்துறை ஆதார வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்று, நடந்ததை வைத்தியரிடம் உள்ளபடி சொல்லுங்கள். அடையாளம் மங்கிக்கொண்டே போகும். வைத்தியர் எழுதிவைத்தது மங்காது. தேவைப்பட்டால் சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனைக்கும் அனுப்புவார்கள். வீட்டில் பிள்ளையைத் திரும்பத் திரும்ப விசாரிக்க வேண்டாம், சொல்லிக் கொடுக்கவும் வேண்டாம். அயலவர் முன்னிலையில் காலைக் காட்டச் சொல்வதும் கூடாது. பல தடவை கேட்கப்பட்ட பிள்ளையின் வாக்குமூலம் குழம்பும். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அந்தக் குழப்பத்தைத்தான் பிடித்துக்கொள்வார்.

தன் பொறுப்பிலுள்ள, 18 வயதுக்குக் குறைந்த ஒருவரைத் துன்பமோ காயமோ ஏற்படும் வகையில் தாக்குவது, தண்டனைச் சட்டக் கோவையில் 1995 இல் சேர்க்கப்பட்ட 308அ பிரிவின்படி சிறுவர் கொடுமை என்னும் குற்றமாகும். பொலிஸ் நிலையத்தில் சிறுவர், பெண்கள் பிரிவில் முறைப்பாடு செய்யலாம். முறைப்பாட்டைத் தமிழில் பதிவு செய்யும்படி கேளுங்கள். வடக்கில் தமிழ் நிர்வாக மொழி என்பதை அரசியலமைப்பே சொல்கிறது. உங்களுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதப்பட்ட எதிலும், விளங்கப்படுத்தும்வரை ஒப்பமிட வேண்டாம். முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொண்டே வெளியே வாருங்கள். அதே வேளையில் ஒன்றைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்: முறைப்பாடு செய்தபின் அது பொலிஸாரின் வழக்காகிவிடும். நாளை மருமகன் கெஞ்சினார், உறவினர் சமாதானம் பேசினார்கள் என்பதற்காக நீங்கள் நினைத்தபடி மீளப் பெற முடியாது. மத்தியஸ்த சபையில் பேசித் தீர்க்கலாம் என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம். வேலித் தகராறுக்கும் பிள்ளையின் உடலிலுள்ள காயத்துக்கும் ஒரே மேசை போதாது. பொலிஸ் நிலையத்துக்குப் போகத் தயக்கமாக இருந்தால், 1998 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவாக்கப்பட்ட தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலவசத் தொலைபேசி எண்ணுக்கு எந்நேரத்திலும் தமிழில் அறிவிக்கலாம்.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தக் கடிதத்தில் உங்களை உண்மையில் தடுத்துக்கொண்டிருப்பது அதுதான் என்று நினைக்கிறேன். முறைப்பாடு செய்தால் பிள்ளைகள் இல்லத்துக்குத்தான் போவார்கள் என்பது சரியன்று. 1939 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தின்படி, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளை என்று நீதிமன்றம் கண்டால், அப்பிள்ளையை ஏற்கச் சம்மதிக்கும் தகுந்த ஆள் ஒருவரின் பராமரிப்பில் ஒப்படைக்கலாம். அவர் உறவினராகவும் இருக்கலாம். நீதிமன்ற வட்டாரத்தில் ‘ஃபிற் பேர்சன் ஓடர்’ என்று சொல்வது இதைத்தான். தனியான சிறுவர் நீதிமன்றம் இல்லாத இடத்தில் நீதவான் நீதிமன்றமே சிறுவர் நீதிமன்றமாகவும் அமரும். உங்களுக்கு அது பருத்தித்துறை. உங்களுடைய வீட்டைப் பார்வையிட்டு, பாடசாலையில் விசாரித்து, அயலில் கேட்டு நீதவானுக்கு அறிக்கை கொடுப்பவர் நன்னடத்தை உத்தியோகத்தர். அவருடைய அறிக்கைக்கு இருக்கும் கனம் வேறெந்த அலுவலரின் கடிதத்துக்கும் இல்லை. அவரை எதிர்த்தரப்பாகப் பார்த்து ஒதுங்குகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர் வருமுன் நீங்களே அவரைத் தேடிப் போவதுதான் நல்லது என்பது என் உறுதியான கருத்து.

வறுமையைக் காரணமாகச் சொல்லிப் பிள்ளைகளை இல்லத்தில் சேர்க்கும்படி சொன்னது தவறான அறிவுரை. 2019 ஆம் ஆண்டின் மாற்றுப் பராமரிப்புக்கான தேசியக் கொள்கை இல்லத்தைக் கடைசி வழியாகவே வைத்திருக்கிறது. முதலில் குடும்பம், பிறகு உறவினர். போர்க்காலத்தில் வடக்கில் இல்லங்கள் பெருகியதற்குக் காரணம் இருந்தது. அந்தக் காலத்துப் பழக்கம் சில மேசைகளில் இன்னும் மாறவில்லை. மீண்டும் யாராவது அப்படிச் சொன்னால், அதைக் கடிதத்தில் எழுதித் தரும்படி மரியாதையாகக் கேளுங்கள். அதன்பின் பெரும்பாலும் பேச்சு மாறிவிடும்.

நீங்கள் எந்தப் பிரிவைச் சேர்ந்தவர் என்று எழுதவில்லை. கரவெட்டி, பருத்தித்துறை, மருதங்கேணி ஆகிய மூன்று பிரதேச செயலகங்களில் ஏதோவொன்று உங்களுடையதாக இருக்கும். அங்கே சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், தேசிய அதிகார சபையைச் சேர்ந்த சிறுவர் பாதுகாப்பு உத்தியோகத்தர், மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர், சமூக சேவை உத்தியோகத்தர் என்று பலர் இருப்பார்கள். நன்னடத்தை உத்தியோகத்தரோ வடக்கு மாகாணத்தின் நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தைச் சேர்ந்தவர். வெவ்வேறு நிறுவனங்கள் என்பதால்தான் உங்களைப் போன்றவர்களை ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு அனுப்புகிறார்கள். இதற்கு ஒரு வழி உண்டு. நடந்தவற்றைத் திகதி வாரியாக ஒரு பக்கத்தில் எழுதி, பிரதேச செயலாளருக்கு முகவரியிட்டு, சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கும் நன்னடத்தை உத்தியோகத்தருக்கும் பிரதி குறிப்பிட்டு, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை உங்கள் பிரதியில் வாங்குங்கள். உங்கள் விடயத்தைப் பிரதேச சிறுவர் அபிவிருத்திக் குழுவில் எடுக்கும்படி அந்தக் கடிதத்திலேயே கேளுங்கள். எல்லாத் துறையினரும் ஒன்றாகக் கூடுமிடத்தில், இது என் வேலை அன்று என்று சொல்வது கடினம். போகும்போது தனியாகப் போக வேண்டாம். படித்த உறவினர், மாதர் சங்கத்தார், ஓய்வுபெற்ற ஆசிரியர் என யாரையாவது உடன் அழைத்துச் செல்லுங்கள். நீங்கள் மறப்பதை அவர் கேட்பார், கேட்டதை எழுதிக்கொள்வார். பேத்திக்கும் பேரனுக்கும் உளவளத்துணை தேவைப்படலாம்; அதற்கு வைத்தியசாலையிலோ, யாழ்ப்பாணத்தில் நீண்டகாலமாக அப்பணியைச் செய்துவரும் சாந்திகம் என்னும் அமைப்பிலோ கேட்கலாம்.

விடுகைப் பத்திரம் பற்றிய மிரட்டலுக்கு இரண்டு காப்புகள் உண்டு. முதலாவது, பிள்ளைகள் உங்கள் பராமரிப்பில் இருப்பதையும், இது தொடர்பாக நன்னடத்தை உத்தியோகத்தரிடம் விண்ணப்பித்திருப்பதையும் அதிபருக்கு எழுத்தில் அறிவியுங்கள். அதிபர் நீதிபதி அல்லர். தந்தை கேட்டால் எவ்வளவு காலம் மறுப்பார் என்று சொல்ல முடியாது, ஆனால் உங்களுக்கு அறிவிக்காமல் கொடுக்கத் தயங்குவார். இரண்டாவதுதான் வலுவானது. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், பிள்ளை யாருடன் வசிக்கிறதோ அவரே பிள்ளையின் சார்பில் நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். முதலில் 14 நாள்களுக்கு இடைக்காலக் கட்டளையும், விசாரணையின்பின் 12 மாதங்கள் வரையான கட்டளையும் பெறலாம். வீட்டுக்கோ பாடசாலைக்கோ வருவதைத் தடை செய்யும்படியும் கேட்க முடியும். நிரந்தரமான கட்டுக்காப்பை, அதாவது பிள்ளைகளை உங்களிடம் வைத்து வளர்க்கும் உரிமையை, மாவட்ட நீதிமன்றத்தில்தான் கேட்க வேண்டும். அது காலம் எடுக்கும், ஆகவே அதை முதலில் தொடங்க வேண்டாம். தந்தை முந்திக்கொண்டு, பிள்ளைகளை நீங்கள் தடுத்து வைத்திருப்பதாக யாழ்ப்பாணம் மேல் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போடவும் கூடும். அழைப்பாணை வந்தால் பயப்பட வேண்டாம். இத்தனை பதிவுகளையும் எடுத்துக்கொண்டு குறித்த நாளில் பிள்ளைகளுடன் சமூகமளியுங்கள். போகாமல் விடுவதுதான் ஆபத்து.

பிள்ளைகளின் செலவுக்குத் தந்தை கொடுக்க வேண்டிய தாபரிப்புப் பணம் தனி விடயம். கட்டுக்காப்பு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின்படி, பிள்ளையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் பிள்ளைக்காக விண்ணப்பிக்கலாம், அதையும் பருத்தித்துறை நீதவான் நீதிமன்றத்திலேயே செய்யலாம். வவுனியாவுக்கு அலைய வேண்டாம். மறுமணம் செய்ததால் பழைய பிள்ளைகளின் பொறுப்பு தீர்ந்துவிடாது. அவர் வேலை செய்யும் நிறுவனத்தின் பெயரும் முகவரியும் தெரிந்தால் சம்பள விபரத்தை நீதிமன்றத்தின் மூலம் பெறலாம். இதற்கிடையில் அரசின் நலன்புரித் திட்டமான அஸ்வெசும உதவியில் உங்கள் குடும்பத்தின் நிலை என்ன என்பதையும், நன்னடத்தைத் திணைக்களத்தின் ‘செவன சரண’ அனுசரணைத் திட்டத்தில் பிள்ளைகளைச் சேர்க்க முடியுமா என்பதையும் பிரதேச செயலகத்தில் கேளுங்கள்.

பணமில்லாததால் வழக்காட முடியாது என்று நினைக்க வேண்டாம். 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு யாழ்ப்பாணத்தில் நிலையம் உண்டு. வருமானம் குறைந்தவர்களுக்குக் கட்டணமின்றிச் சட்டத்தரணியை நியமிப்பார்கள். கிராம அலுவலரின் வருமானச் சான்று, உங்கள் அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், மகளின் திருமண, இறப்புச் சான்றிதழ்கள், பாடசாலைத் தேர்ச்சி அறிக்கைகள், வைத்தியசாலைத் துண்டு ஆகியவற்றைக் கொண்டு செல்லுங்கள். மகளின் சீதனக் காணி உறுதி இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள். அது பிள்ளைகளுக்கு இறங்கியிருக்கக்கூடிய சொத்து. அதைப் பற்றி மருமகனோ வேறு யாரோ கொண்டுவரும் எந்தப் பத்திரத்திலும் சட்டத்தரணி பார்க்கும்வரை ஒப்பமிட வேண்டாம்.

இவ்வளவும் நடக்கும்போது பிள்ளைகளைத் தந்தையிடமிருந்து ஒளித்து வைக்காதீர்கள். தொலைபேசியில் பேச விடுங்கள். பார்க்க வந்தால் உங்கள் வீட்டில், இன்னொரு பெரியவரும் இருக்கும்போது பார்க்க விடுங்கள். அவரோடு அனுப்புவதற்கு மட்டும், நீதிமன்றம் சொல்லும்வரை இணங்க வேண்டாம்.

உங்களுக்குப் பிறகு யார் என்ற கேள்வியை நன்னடத்தை உத்தியோகத்தரும் நீதவானும் கட்டாயம் கேட்பார்கள். உங்கள் வயதைச் சொல்லி மருமகனின் சட்டத்தரணியும் கேட்பார். மூத்த மகள் என்று எழுதியிருப்பதால் இளையவர் ஒருவர் இருக்கிறார் என்று கொள்கிறேன். பிள்ளைகளின் சித்தியான அவர் சம்மதித்தால், தகுந்த ஆளாக உங்களோடு அவருடைய பெயரையும் முன்வையுங்கள். அவரும் அவருடைய கணவரும் ஒப்பமிட்ட சத்தியக் கடதாசி ஒன்றை இணைக்க வேண்டும். நன்னடத்தை உத்தியோகத்தர் அவர்களுடைய வீட்டையும் பார்க்க வருவார் என்பதை இப்போதே அவர்களுக்குச் சொல்லிவையுங்கள்.