ஆல்பர்ட் ஹாலில் மாலரின் இரண்டாவது சிம்பொனி: போகுமுன் நீங்கள் கேட்டவை

லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில், ப்ராம்ஸ் (Proms) என்ற கோடைக்காலக் கச்சேரித் தொடரில், ஆஸ்திரிய இசையமைப்பாளர் குஸ்தாவ் மாலரின் 'உயிர்த்தெழுதல்' என்று பெயர் பெற்ற இரண்டாவது சிம்பொனியைக் கேட்க நம்மில் இருபது பேருக்கு மேல் போகிறோம். பாதிப் பேருக்கு இதுதான் முதல் ஆர்கெஸ்ட்ரா கச்சேரி. எங்கள் ஊர் அமெச்சூர் கோரஸில் ஆல்டோ (பெண்களின் தாழ்ந்த குரல்) வரிசையில் நின்று இதே சிம்பொனியை நான் இரண்டு முறை பாடியிருக்கிறேன். அதனால் கேள்விகளை என்னிடம் அனுப்பச் சொன்னேன். வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

கே: அக்கா, நான் கர்நாடக சங்கீதம் மட்டும் கேட்டு வளர்ந்தவன். எண்பது நிமிடம் எதைப் பிடித்துக்கொண்டு கேட்பது?

ப: ராகத்தைத் தேடாதீர்கள் தம்பி. கதை கேட்பது மாதிரி கேளுங்கள். முதல் நொடியிலேயே வயலினும் வயோலாவும் ஒரே ஸ்வரத்தில் நடுங்க ஆரம்பிக்கும், அதற்குக் கீழே செல்லோவும் டபுள் பாஸும் ஆத்திரத்தோடு பாய்ந்து வரும். அது ஒரு சாவு ஊர்வலம். அந்த பாகம் இருபது நிமிடத்துக்கு மேல் போகும், நடுநடுவே சொர்க்கம் போல ஒரு மெட்டு எட்டிப் பார்த்துவிட்டு மறைந்துவிடும், கடைசியில் மொத்த ஆர்கெஸ்ட்ராவும் மாடிப்படியில் உருண்டு விழுவது போல இறங்கி நின்றுவிடும். இரண்டாவது பாகம் நாட்டுப்புற நடனம். அதில் எல்லாரும் வில்லை விட்டுவிட்டு விரலால் மீட்டும் ஓர் இடம் உண்டு, அதைத் தவறவிடாதீர்கள். மூன்றாவது, டிம்பனி என்ற பெரிய முரசின் இரண்டு அடியோடு தொடங்கும். அந்தோணியார் மீன்களுக்குப் பிரசங்கம் செய்யும் ஒரு பாட்டிலிருந்து மாலர் எடுத்து வளர்த்தது. மீன்கள் பக்தியோடு கேட்கும், பிறகு பழையபடியே தின்று திரியப் போய்விடும். அந்தச் சுழற்சி தாங்காமல் ஆர்கெஸ்ட்ராவே ஒரு கட்டத்தில் அலறும். நான்காவது பாகத்தில் ஆல்டோ பாடகி எழுந்து, 'சின்னச் சிவப்பு ரோஜாவே' என்று ஐந்து நிமிடப் பாட்டு ஒன்று பாடுவார். அது முடிந்த கையோடு அதே அலறல் இன்னும் பெரிதாக வெடிக்கும். அங்கிருந்து கடைசி பாகம், அரை மணி நேரத்துக்கும் மேல்.

ஒரே ஒரு வேண்டுகோள். இணையத்தில் 'கடைசி ஐந்து நிமிடம்' என்று வெட்டிப் போட்டிருக்கும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு வராதீர்கள். அந்த ஐந்து நிமிடத்துக்காக மாலர் உங்களை ஒரு மணி நேரத்துக்கு மேல் நடக்க வைக்கிறார். நடக்காமல் போய்ச் சேர்ந்தால் அது வெறும் பெரிய சத்தம்.

கே: கோட் சூட் போட வேண்டுமா? என் மனைவி பட்டுப்புடவையில் வரலாமா?

ப: தாராளமாக வரலாம். ஜீன்ஸிலும் வரலாம்.

கே: எந்த இடத்தில் கை தட்டலாம்?

ப: எல்லாம் முடிந்து ஆர்கெஸ்ட்ராவின் நடத்துநர் கையைக் கீழே இறக்கிய பிறகு. ஒவ்வொரு பாகத்துக்கு நடுவிலும் தட்டாதீர்கள்.

கே: சாவைப் பற்றி எழுத மாலருக்கு அப்போது என்ன நடந்தது? சொந்தத் துக்கம் ஏதாவதா?

ப: எனக்குப் பிடித்த கேள்வி. முதல் பாகத்தை அவர் 1888இலேயே 'மரணச் சடங்கு' என்ற தனிப் படைப்பாக எழுதிவிட்டார். 1891இல் ஹாம்பர்க் ஓபராவுக்கு நடத்துநராகப் போனவர், அங்கே புகழின் உச்சத்தில் இருந்த நடத்துநர் ஹான்ஸ் ஃபொன் ப்யூலோவுக்கு இதைப் பியானோவில் வாசித்துக் காட்டினார். மாலரை நடத்துநராக ப்யூலோவுக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் இதைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொண்டார், இதன் பக்கத்தில் வைத்தால் வாக்னரின் 'டிரிஸ்டான்' ஓபராகூட சாதுவான பழைய ஹைடன் சிம்பொனி மாதிரி என்றார். மாலர் நொந்துபோனார். 1893 கோடையில் ஆட்டர்ஸே ஏரிக்கரையில் ஷ்டைன்பாக் என்ற ஊரில் உட்கார்ந்து நடுப் பாகங்களை எழுதினார். முடிவுதான் வரவில்லை. கோரஸ் வேண்டும் என்று தெரிந்திருந்தது, கோரஸ் வைத்த பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியைக் காப்பி அடித்ததாகச் சொல்வார்களே என்று பயம்.

1894 பிப்ரவரியில் ப்யூலோ கெய்ரோவில் இறந்துபோனார். மார்ச் 29 அன்று ஹாம்பர்க்கின் மிஷாயலிஸ் தேவாலயத்தில் இறுதிச் சடங்கு. மாலர் அங்கே உட்கார்ந்திருக்கும்போது மேல்மாடத்திலிருந்து பையன்களின் குரலில் ஜெர்மன் கவிஞர் க்ளோப்ஷ்டாக் எழுதிய 'உயிர்த்தெழுவாய்' என்ற கீதம் இறங்கி வந்தது. தேடிக்கொண்டிருந்த முடிவு அங்கேயே கிடைத்துவிட்டது. அந்தக் கோடையிலேயே கடைசி பாகத்தை எழுதினார். 1895 டிசம்பர் 13 அன்று பெர்லினில் முழுச் சிம்பொனியையும் அவரே நடத்தினார். மாலரின் இசையைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொண்ட மனிதரின் சாவுதான் அதை முடித்துக் கொடுத்தது. இதைப் பாடும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்பு வரும்.

கே: 'உயிர்த்தெழுதல்' என்றால் கிறிஸ்தவப் பிரார்த்தனையா? நாங்கள் சைவக் குடும்பம்.

ப: எழுதியபோது மாலர் யூதர். கத்தோலிக்கராக மாறியது 1897இல், இது அரங்கேறிய பிறகு. க்ளோப்ஷ்டாக்கின் பாட்டில் இரண்டு பத்திகளை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை அவரே எழுதினார். நியாயத் தீர்ப்பு நாள் போல எல்லாம் திறக்கிறது, பூமி அதிர்கிறது, செத்தவர்கள் எழுந்து நடக்கிறார்கள், ஆனால் தீர்ப்பு சொல்ல யாரும் வருவதில்லை. பாவி என்றும் நல்லவன் என்றும் பிரிப்பே கிடையாது என்று மாலரே விளக்கம் எழுதினார், பிறகு அப்படி விளக்கம் எழுதுவதே தப்பு என்று அதை விலக்கியும் கொண்டார். 'நீ வீணாகப் பிறக்கவில்லை, வீணாக வாழவில்லை, வீணாகப் பாடுபடவில்லை' என்று பாட்டில் வரும். அதைக் கேட்க எந்த வீட்டிலிருந்தும் வரலாம்.

கே: முதல் பாகம் முடிந்ததும் குறைந்தது 5 நிமிடம் இடைவெளி விடச் சொல்லி ஸ்கோரிலேயே (அச்சான இசைக்குறிப்புப் புத்தகத்திலேயே) மாலர் எழுதியிருக்கிறார். இன்றைய நடத்துநர்கள் அரை நிமிடம் நின்றுவிட்டுத் தொடங்கிவிடுகிறார்கள். இது அவமரியாதை இல்லையா?

ப: எழுதியிருக்கிறார், உண்மைதான். ஆனால் முழுக் கதையும் அது இல்லை. 1903இல் யூலியுஸ் பூட்ஸ் என்பவர் இதை டுஸ்ஸல்டார்ஃபில் நடத்தும்போது பெரிய இடைவெளியை நான்காம் பாகத்துக்கும் ஐந்தாம் பாகத்துக்கும் நடுவே வைக்கத் திட்டமிட்டார். மாலர் அவருக்கு எழுதிய கடிதத்தில் அந்த யோசனையைப் பாராட்டியே எழுதினார்.

கே (அவரே மீண்டும்): கடிதம் வேறு, ஸ்கோர் வேறு. அச்சில் இருப்பதுதான் சட்டம்.

ப: சட்டமாகவே வைத்துக்கொள்வோம். 5 நிமிடம் என்பது கடிகாரத்தில் எவ்வளவு நீளம் என்று ஒருமுறை சும்மா உட்கார்ந்து பாருங்கள். ஐயாயிரம் பேர் உட்காரும் இடத்தில் முதல் நிமிடம் இருமல், இரண்டாவது நிமிடம் பேச்சு, மூன்றாவது நிமிடம் போன் வெளிச்சம். மாலர் கேட்டது மௌனம், நமக்குக் கிடைப்பது சந்தைக்கடை.

கே (இன்னொருவர்): அந்த நேரத்தில்தானே பாடகிகள் இரண்டு பேரையும் மேடைக்குக் கூட்டி வருகிறார்கள்? அதில் என்ன தப்பு?

ப: அவர்கள் வருவதில் தப்பில்லை. அவர்களைப் பார்த்ததும் கை தட்டுகிறார்களே, அதுதான் எனக்கு ஆகாது. இப்போதுதான் ஒருவரைப் புதைத்திருக்கிறோம். நான் பாடிய ஒரு முறை அப்படிக் கைதட்டல் கிளம்பி, நடத்துநர் திரும்பாமல் தலையைக் குனிந்தபடியே நின்றார். முழு அமைதி வர இரண்டு நிமிடம் ஆனது. பாடகிகள் ஆரம்பத்திலேயே வந்து உட்கார்ந்துவிடுவதுதான் என் கட்சி.

கே (முதலாமவர்): அப்போ நீங்களும் மாலர் சொன்னதைக் கேட்க மாட்டீர்கள்.

ப: கேட்கிறேன் அண்ணா. பாதியை. முதல் பாகத்துக்கும் நடனத்துக்கும் நடுவில் உள்ள முரண் அவரையே உறுத்தியது, அதனால்தான் இடைவெளி கேட்டார். அந்த உறுத்தலுக்கு ஒரு நிமிடம் ஆடாமல் அசையாமல் நின்றாலே போதும் என்பது என் அனுபவம். ஆனால் நான்காவது முடிந்ததும் பூட்ஸ் போல நிறுத்துவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், மாலர் பாராட்டியிருந்தாலும். அந்தப் பாட்டின் கடைசி ஸ்வரம் அடங்குமுன் அலறல் வெடிக்க வேண்டும், அங்கே இடம் விட்டால் பயமே போய்விடும். இதைப் பற்றி இன்னும் நான்கு பேர் எழுதியிருக்கிறீர்கள். கச்சேரிக்குப் பிறகு தெற்கு கென்சிங்டன் ஸ்டேஷன் வரை நடந்துகொண்டே சண்டை போடலாம்.

கே: பாகங்களுக்கு நடுவே கை தட்டலாமா?

ப: மேலே சொல்லியிருக்கிறேன். கூடாது.

கே: டிக்கெட் தீர்ந்துவிட்டது. நின்று கேட்கும் இடம் பரவாயில்லையா?

ப: பரவாயில்லையாவா! ப்ராம்ஸின் உயிரே அதுதான். 1895இல் ஹென்றி வுட் குவீன்ஸ் ஹாலில் தொடங்கியபோதே எளிய ஆட்கள் மலிவாக நின்று கேட்கட்டும் என்றுதான் தொடங்கினார்கள். 1941இல் குண்டு விழுந்து அந்த ஹால் அழிந்தபின் ஆல்பர்ட் ஹாலுக்கு வந்தது. நின்று கேட்கும் டிக்கெட்டைக் கச்சேரி அன்று காலை இணையத்தில் விற்பார்கள், நேரத்துக்கு உட்கார்ந்து வாங்குங்கள். மேடைக்கு நேர் முன்னால் அரீனா, உச்சியில் கேலரி. கேலரியில் சத்தம் எல்லாம் கலந்து மேலே வந்து சேரும், கால் வலித்தால் தரையிலும் உட்காரலாம். அரீனா என்றால் ஒவ்வொரு வாத்தியத்தையும் முகத்துக்கு முன்னால் பார்க்கலாம். எண்பது நிமிடம் நிற்க வேண்டும், புதுச் செருப்பு வேண்டாம். கூரையில் காளான் போலத் தொங்கும் வட்டத் தட்டுகளைப் பாருங்கள், எதிரொலியை அடக்க 1969இல் மாட்டியவை.

கே: மேடைக்கு வெளியே டிரம்பெட் வாசிப்பார்களாமே, எங்கே நிற்பார்கள்?

ப: ஹாலுக்கு ஹால் மாறும். கதவுக்குப் பின்னால், மேல் தாழ்வாரத்தில். மொத்தம் 10 ஹார்ன், 10 டிரம்பெட் கேட்கிறார் மாலர், அதில் ஒரு பங்கு வெளியே. பின்னாளில் பெரிய நடத்துநரான ஓட்டோ க்ளெம்பெரர் இளைஞராக இருந்தபோது 1905இல் பெர்லினில் இந்த வெளிக்குழுவை நடத்தினார், மாலர் அன்று ஹாலில் இருந்தார்.

இந்த இடத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தூரத்தில் நாலு பக்கமிருந்தும் ஹார்னும் டிரம்பெட்டும் கூப்பிடும். மேடையில் எல்லாரும் சும்மா இருப்பார்கள், ஒரு புல்லாங்குழலும் பிக்கோலோ என்ற குட்டிப் புல்லாங்குழலும் மட்டும் ஒற்றைப் பறவை போலப் பதில் சொல்லும். பிறகு அதுவும் அடங்கும். அப்போதுதான் கோரஸ், வாத்தியத் துணை எதுவும் இல்லாமல், கேட்கிறதா இல்லையா என்கிற அளவில், 'உயிர்த்தெழுவாய்' என்று தொடங்கும். அதுவரை ஒரு மணி நேரத்துக்கு மேல் நாங்கள் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்போம். தொண்டை காய்ந்திருக்கும், இரும முடியாது, முதல் ஸ்வரம் எங்கிருந்தும் கிடைக்காது, பறவை விட்டுப்போன இடத்திலிருந்து மனதுக்குள் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். பல நடத்துநர்கள் எழுந்திருக்கக்கூட விடமாட்டார்கள், உட்கார்ந்தபடியே பாடச் சொல்வார்கள். பாஸ் குரல்களுக்கு (ஆண்களின் தாழ்ந்த குரல்) மாலர் அடிமட்டத்தில் பி ஃப்ளாட் என்ற ஸ்வரத்தை எழுதிவிட்டு, அது கேட்காவிட்டாலும் பரவாயில்லை, மேல் ஸ்வரத்துக்கு மட்டும் தாவிவிடாதீர்கள் என்று குறிப்பும் எழுதியிருக்கிறார். என் பின்வரிசையில் நின்றவர்கள் அதைப் பாடியபோது எனக்குக் காதில் கேட்கவில்லை, நாற்காலியின் முதுகில் உணர்ந்தேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் சோப்ரானோ (பெண்களின் உயர்ந்த குரல்) பாடகியின் குரல் எங்கள் நடுவிலிருந்து தனியாகப் பிரிந்து மேலே போகும், எந்த நொடியில் பிரிந்தது என்று உங்களால் சொல்ல முடியாது.

கடைசி ஐந்து நிமிட வீடியோவில் இது எதுவும் இருக்காது.

கே: வீட்டில் கேட்க எந்த ஒலிப்பதிவு?

ப: இறுக்கமாக வேண்டுமானால் க்ளெம்பெரர், ஃபில்ஹார்மோனியா ஆர்கெஸ்ட்ராவோடு. பம்பாயில் பிறந்த ஜூபின் மேத்தா வியன்னா ஃபில்ஹார்மோனிக்கோடு 1975இல் செய்தது எனக்கு நெருக்கமானது. அமெரிக்க நடத்துநர் பெர்ன்ஸ்டைன் 1987இல் நியூயார்க்கில் செய்தது மிக மெதுவானது, முதல்முறைக்கு வேண்டாம். கென்னடி சுடப்பட்ட இரண்டாவது நாள், 1963 நவம்பர் 24 அன்று, தொலைக்காட்சியில் அஞ்சலியாக பெர்ன்ஸ்டைன் நடத்தியதும் இதே சிம்பொனிதான்.

கே: இந்த ஒரே சிம்பொனியை மட்டும் நடத்திய பணக்காரர் ஒருவர் இருந்தாராமே?

ப: கில்பர்ட் காப்லன். பத்திரிகை நடத்தியவர். 1965இல் கேட்டார், தூக்கம் போனது, கற்றுக்கொண்டு 1982இல் நடத்தினார், மாலரின் கையெழுத்துப் பிரதியையும் வாங்கினார். அவர் மறைவுக்குப் பின் 2016இல் அது லண்டனில் ஏறத்தாழ 45 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போனது.

கே: 2025 மார்ச்சில் லண்டனில் இளையராஜாவின் சிம்பொனிக்குப் போயிருந்தேன். அதைவிட இது பெரியதா?

ப: நேரத்தில் பெரியது. ஒப்பிட வேண்டாம், அதற்குத் தனியாக ஒரு நாள் பேசுவோம். அங்கே உட்கார்ந்து கேட்ட பொறுமையை இங்கேயும் கொண்டு வாருங்கள்.

கே: கடைசியில் ஆர்கன் வரும் இடத்தை மட்டும் போனில் பதிவு செய்யலாமா?

ப: கூடாது. ஏறத்தாழ 10,000 குழாய் உள்ள ஆர்கன், கோரஸ், மணிகள், எல்லா ஹார்னும் சேர்ந்து எழும்போது போனில் கரகரவென்றுதான் பதிவாகும், உங்கள் பின்னால் நிற்பவர் உங்கள் திரையைத்தான் பார்ப்பார். போனை அணைத்துவிடுங்கள், அதிர்வில் வைப்பதும் வேண்டாம்.

கே: இரண்டாவது பாகம் முடிந்ததும் சின்னதாகக் கை தட்டினால்?

ப: வேண்டாம். மூன்றாவது முறை சொல்கிறேன்.

கே: தனி ஆவர்த்தனத்தில் எழுந்து காபி குடிக்கப் போவது போல நடுவில் போய் வர முடியுமா?

ப: முடியாது. வெளியே போனால் உள்ளே விடுவது அவர்கள் கையில். அதற்கு முன்பே எல்லாம் முடித்துக்கொண்டு வாருங்கள். தனி ஆவர்த்தனத்திலும் எழுந்து போகாதீர்கள்.

கே: என் மகளுக்கு ஒன்பது வயது. தாங்குவாளா?

ப: மீன் கதையை முன்னாடியே சொல்லிக் கொடுங்கள். கோங் (பெரிய உலோகத் தட்டு) அடிப்பவர்கள் தெரியும் பக்கமாக இடம் பிடியுங்கள். கடைசி பாகத்தில் தாள வாத்தியங்கள் மட்டும் ஒன்றுமில்லாததிலிருந்து மெல்ல மெல்லப் பெருகி இடி போல வரும் இடம் உண்டு, அங்கே அவள் உங்கள் கையைப் பிடிப்பாள். பிறகு பறவை வரும்போது, 'இப்போ யார் பாடப் போறாங்க, பாரு' என்று காதில் ஒரே ஒருமுறை சொல்லுங்கள்.