வெள்ளைக்காரப் பூட்டனைத் தேடுவோருக்கு: வாசகர் கேள்வி – பதில்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் பல ஒரே விடயத்தைக் கேட்கின்றன. குடும்பத்தில் பிரித்தானியர் ஒருவர் இருந்ததாகப் பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அவரை ஆவணங்களில் கண்டுபிடிப்பது எப்படி? அவற்றுள் ஆறு கேள்விகளுக்கு இங்கே விடை தருகிறோம்.

என் அம்மம்மாவின் தகப்பன் மட்டக்களப்பில் தென்னந்தோட்டம் பார்த்த வெள்ளைக்காரர் என்பார்கள். பெயர் மட்டும் தெரியும். 1880களில் வந்திருக்கலாம். பிரித்தானியக் குடிசன மதிப்பில் தேடினால் அதே பெயரில் நாற்பது, ஐம்பது பேர் வருகிறார்கள். எங்கள் ஆள் யார் என்று எப்படி அறிவது? — வாசகி, கல்லடி

பிரித்தானியப் பதிவுகளை இப்போதைக்கு மூடி வையுங்கள். பெயரை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே தேடினால் யாரோ ஒருவரைப் பூட்டனாக்கிவிடுவோம். இணையத்தில் கிடக்கும் குடும்ப மரங்களில் பாதிப் பிழை இப்படி வந்ததுதான். வயது, தகப்பன் பெயர், பிறந்த ஊர் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு இங்குள்ள பத்திரங்களிலிருந்து கிடைத்த பிறகே கடல் தாண்ட வேண்டும்.

முதலில் அம்மம்மாவின் பிறப்பு, விவாகப் பதிவுகளையும் பூட்டனின் இறப்புப் பதிவையும் எடுங்கள். சம்பவம் நடந்த இடம் இன்று எந்தப் பிரதேச செயலகத்துக்குள் வருகிறதோ அங்கே விண்ணப்பிக்க வேண்டும். பதிவு இலக்கம் தெரியாவிட்டால் தேடுதல் விண்ணப்பம் கொடுக்கலாம். தேடவேண்டிய காலம் நீள நீளக் கட்டணமும் கூடும், ஆகவே வீட்டுப் பெரியவர்களிடம் விசாரித்து ஆண்டை முடிந்தளவு சுருக்கிக்கொண்டு போங்கள். கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அம்பாறை மாவட்டம் 1961இல்தான் பிரிந்தது. அதற்கு முந்திய பதிவுகளில் மாவட்டம் மட்டக்களப்பு என்றே இருக்கும்.

1978 சூறாவளியிலும் 2004 ஆழிப்பேரலையிலும் வீட்டுப் பத்திரங்களைப் பறிகொடுத்தவர்கள் மனம் தளர வேண்டாம். அரச பதிவு இரு பிரதிகளாக எழுதப்பட்டது. பிரதேச மட்டத்தில் ஒன்று அழிந்திருந்தாலும் பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் மற்றது இருக்கலாம்.

தாய்க்கும் தகப்பனுக்கும் பதிவுத் திருமணம் நடக்கவில்லையென்றால் பிறப்புப் பதிவில் தகப்பன் பெயர் வெறுமையாக இருக்கக்கூடும். இருவரும் சேர்ந்து கேட்டாலன்றித் தகப்பன் பெயர் எழுதப்படுவதில்லை. அப்போது கோயில் பதிவேட்டுக்குப் போங்கள். மெதடிஸ்த மிஷன் மட்டக்களப்புக்கு வந்தது 1814இல். மெதடிஸ்த, அங்கிலிக்கன், கத்தோலிக்க ஞானஸ்நானப் பதிவுகள் மூன்றையும் பாருங்கள். பதிவாளரிடம் சொல்லாத பெயரைப் பாதிரியாரிடம் சொல்லியிருக்கலாம். காணி உறுதிகளும் மாவட்ட நீதிமன்ற மரணசாதன வழக்குகளும் அடுத்த இடம். பிள்ளைக்கோ தாய்க்கோ அவர் காணி எழுதிக் கொடுத்திருந்தால் உறவு அங்கே தெரியவரும்.

தோட்டம் பார்த்தவர் என்பதால் பெர்குசனின் இலங்கை டிரெக்டரி உங்களுக்கு மிகவும் உதவும். தோட்டங்களின் பெயர், சொந்தக்காரர், முகாமையாளர் விபரத்தோடு ஆண்டுதோறும் வெளிவந்த நூல் அது. அவர் பெயர் முதலில் வரும் ஆண்டையும் கடைசியாக வரும் ஆண்டையும் குறித்துக்கொண்டால் அவர் இங்கே இருந்த காலம் பிடிபடும்.

அதன் பிறகு அந்த நாற்பது, ஐம்பது பேரையும் கழித்துக்கொண்டு வரலாம். பிரித்தானியக் குடிசன மதிப்பு குறித்த இரவில் அந்த நாட்டில் தங்கியிருந்தவர்களையே பதிந்தது. உங்கள் பூட்டன் 1891இல் மட்டக்களப்பில் இருந்தார் என்றால், 1891 பட்டியலில் லிவர்பூலில் மனைவி மக்களோடு இருக்கும் அதே பெயர்க்காரர் அவராக இருக்க முடியாது. அவரை வெட்டிவிடுங்கள். 1881 பட்டியலில் பெயர் இருந்தும் 1891இல் காணாமற்போனவர்களை மட்டும் வைத்துக்கொண்டு, அந்த இடைவெளியில் அங்கேயே இறந்தவர்களையும் நீக்குங்கள். மிஞ்சுவோர் ஒரு கை விரலுக்குள் அடங்குவார்கள்.

இன்னொன்று: இலங்கையில் இறந்த பிரித்தானியருக்கு அங்கே சொத்து இருந்தால், இங்கிலாந்தின் மரணசாதனப் பட்டியலில் பெயர் வர இடமுண்டு. 1858 முதலான அந்தப் பட்டியலை இணையத்தில் இலவசமாகத் தேடலாம். இறந்த இடம், திகதி, சொத்தைப் பொறுப்பேற்றவர் பெயர் எல்லாம் அதில் வரும். பொறுப்பேற்றவர் சகோதரனாகவோ தகப்பனாகவோ இருந்தால் உங்கள் தேடலில் பெரும்பகுதி அந்த ஒரு வரியிலேயே முடிந்துவிடும்.

குடிசன மதிப்பில் எந்த ஆண்டில் என்ன விபரம் கிடைக்கும்? ஆள் இருந்தது நிச்சயம் என்றாலும் பெயர் அகப்படாதது ஏன்? — வாசகர், களுவாஞ்சிக்குடி

பெயர் வாரியாகப் பயன்படுவது 1841 தொடக்கம். பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்தார்கள். நூறு ஆண்டு மூடி வைத்தே வெளியிடுவார்கள். ஆகக் கடைசியாகத் திறந்தது 1921. இங்கிலாந்து, வேல்ஸின் 1931 தாள்கள் 1942 டிசம்பரில் தீயில் எரிந்துபோயின, 1941இல் போர் காரணமாக எடுக்கவேயில்லை. அந்த இடைவெளியை 1939 செப்டெம்பர் 29இல் எடுத்த தேசியப் பதிவேடு ஓரளவு நிரப்புகிறது.

1841 பதிவை அவதானமாகக் கையாளுங்கள். 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 29 வயதுக்காரர் 25 என்று நிற்பார். உறவுமுறை இல்லை. பிறந்த ஊரும் இல்லை, அதே கவுண்டியில் (மாவட்டம் போன்ற பிரிவில்) பிறந்தவரா என்பது மட்டுமே இருக்கும். 1851 முதல் குடும்பத் தலைவரோடு உறவு, வயது, மணநிலை, பிறந்த பரிஷ் (கோயிற்பற்று) எல்லாம் வரும். 1911இல் மணமாகி எத்தனை ஆண்டு, பிறந்த பிள்ளைகள் எத்தனை, உயிரோடிருப்போர் எத்தனை என்றும் கேட்டார்கள். வேலை கொடுத்தவரின் பெயர் 1921இல் கிடைக்கும்.

வயதிலிருந்து பிறந்த ஆண்டைக் கணக்கிடுவதில் பலர் தவறுகிறார்கள். 1881 கணக்கெடுப்பு நடந்தது ஏப்ரல் 3. அன்று 23 வயது என்றால் அவர் 1857 ஏப்ரல் 4க்கும் 1858 ஏப்ரல் 3க்கும் இடையில் பிறந்தவர். 1858 என்று மட்டும் தேடினால் ஒன்பது மாதத்தைத் தவறவிடுவீர்கள்.

பெயர் அகப்படாததற்கு முக்கிய காரணம் படியெடுப்பு. 1901 வரை நாம் பார்ப்பது குடும்பத்தவர் எழுதிய தாளை அல்ல. கணக்கெடுப்பாளர் தம் புத்தகத்தில் பெயர்த்தெழுதியதைத்தான். அதைப் பார்த்து இன்னொருவர் கணினியில் ஏற்றியிருக்கிறார். இரு இடத்திலும் எழுத்து மாறும். அதனால் குடும்பப் பெயரை விட்டுவிட்டு முதற்பெயர், வயது, பிறந்த ஊர் மூன்றையும் மட்டும் போட்டுப் பாருங்கள். வயதுக்கு முன்பின் இரண்டு ஆண்டு இடம் விடுங்கள். அதுவும் தவறினால் அபூர்வமான பெயருடைய சகோதரியைத் தேடுங்கள். அவளோடு முழு வீடும் வரும். கிடைத்ததும் தட்டச்சுப் பிரதியோடு நின்றுவிடாமல் மூலப் படத்தைத் திறந்து பாருங்கள். அடியிலுள்ள சுட்டெண், கட்டு, தாள், பக்கம் நான்கையும் குறித்து வைத்தால் எந்த இணையத்தளத்திலும் அதே பக்கத்துக்குத் திரும்பலாம். 1881க்கான சுட்டு எண் ஆர்.ஜி. 11, 1891க்கு ஆர்.ஜி. 12.

இலங்கையில் பிறந்து படிக்க அங்கே அனுப்பப்பட்ட பிள்ளைகளும் பட்டியலில் உண்டு. பிறந்த இடம் ‘சிலோன்’ என்று தேடுங்கள். சிலவேளை ‘ஈஸ்ட் இண்டீஸ்’ என்றிருக்கும்.

1881 இங்கிலாந்துப் பதிவின் எழுத்துப் பிரதியை ஃபமிலிசேர்ச் தளத்தில் பணமின்றிப் பார்க்கலாம். காசு கட்டும் தளங்களில் சேருமுன் அங்கே தொடங்குங்கள்.

இங்கிலாந்திலிருந்து பிறப்புச் சான்றிதழ் எடுப்பது எப்படி? இலங்கையில் பிறந்த வெள்ளைக்காரப் பிள்ளையின் பதிவும் அங்கே இருக்குமா? — வாசகர், ஏறாவூர்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரச பதிவு 1837 ஜூலை 1இல் தொடங்கியது. பொதுப் பதிவாளர் அலுவலகத்தின் இணையச் சுட்டியில் இலவசமாகக் கணக்குத் திறந்து தேடலாம். அதன் பெரும் பயன், பிறப்புகளுக்குத் தாயின் கன்னிப் பெயரை 1837இலிருந்தே காட்டுவது. ஃப்ரீ பி.எம்.டி. தளம் தருவது பழைய காலாண்டுச் சுட்டியை. அதில் தாயின் பெயர் 1911 செப்டெம்பர் காலாண்டிலிருந்துதான் வரும். பிள்ளை பிறந்து ஆறு வாரத்துக்குள் பதியலாம் என்பதால், மார்ச்சில் பிறந்தவர் ஜூன் காலாண்டில் நிற்பது வழக்கம். தகவல் மட்டும் தேவையென்றால் கணினிப் பிரதி போதும். கடதாசிச் சான்றிதழைவிட அது மலிவு, தபாலில் தொலையாது. 1875க்கு முன் பதியாமல் விட்ட பிறப்புகளும் உண்டு. அப்படியானால் பரிஷ் ஞானஸ்நானப் பதிவைத் தேட வேண்டும்.

ஸ்கொட்லாந்தின் பதிவு தனி. 1855இல் தொடங்கியது, ஸ்கொட்லண்ட்ஸ் பீப்பிள் தளத்தில் கட்டணத்துக்குப் பார்க்கலாம். தோட்டத்துரைமாரில் பலர் ஸ்கொட்லாந்துக்காரர் என்பதால் இது உங்களுக்கு முக்கியம். அங்கே இறப்புப் பதிவிலும் தாய் தகப்பன் இருவர் பெயரும் இருக்கும்; இங்கிலாந்தின் பழைய இறப்புப் பதிவில் அது கிடையாது. அயர்லாந்துக்காரர் என்றால் 1901, 1911 குடிசன மதிப்புகள் இலவசம், அதற்கு முந்தியவை பெரும்பாலும் அழிந்துவிட்டன.

இலங்கையில் பிறந்த பிள்ளையின் பதிவு இலங்கையில்தான். முடிக்குரிய குடியேற்ற நாடு என்பதால் லண்டனுக்குப் பிரதி போகவில்லை. படைவீரர் பிள்ளைகள் மட்டும் படைப்பிரிவுப் பதிவேட்டில் வரலாம். பிரித்தானிய நூலகத்தின் இந்திய அலுவலகப் பதிவுகளிலும் நேரத்தைச் செலவிட வேண்டாம். 1802இலேயே இலங்கை கிழக்கிந்தியக் கம்பனியின் கையை விட்டுப் போய்விட்டது. அரச உத்தியோகத்தர் என்றால் லண்டன் கியூவிலுள்ள பிரித்தானியத் தேசிய சுவடிக்கூடத்தில், இலங்கை பற்றிய குடியேற்ற நாட்டு அலுவலகக் கடிதங்களான சி.ஓ. 54 தொடரைப் பாருங்கள்.

எங்கள் குடும்பப் பெயர் ஐரோப்பியப் பெயர். நாங்கள் பறங்கியர். பிரித்தானியாவில் தேடலாமா? — வாசகி, புளியந்தீவு

பெரும்பாலும் அது வீண் வேலை. போர்த்துக்கேயர் மட்டக்களப்பில் கோட்டை கட்டத் தொடங்கியது 1628இல், ஒல்லாந்தர் அதைப் பிடித்தது 1638இல். பிரித்தானியர் வந்தது 1795இல். உங்கள் குடும்பத்தின் வேர் முதல் இரண்டில் இருக்கவே வாய்ப்பு அதிகம். கத்தோலிக்கக் கோயில் பதிவுகளில் தொடங்கி, ஒல்லாந்தர் காலத்துக்குக் கொழும்பு தேசிய சுவடிகள் திணைக்களத்திலுள்ள பாடசாலைத் தோம்புகளுக்கு (ஞானஸ்நானம், விவாகம் பதிந்த ஒல்லாந்தர் காலப் பதிவேடுகளுக்கு) போங்கள்.

தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. ஆங்கிலக் குடும்பப் பெயர் இருப்பது ஆங்கிலேய இரத்தத்துக்குச் சான்றாகாது. யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் பாடசாலைகளில் பிள்ளைகளுக்குப் பணம் உதவியவர்களின் பெயரையே வைத்தார்கள். அந்தப் பெயர்கள் தலைமுறையாகத் தொடர்ந்தன.

அப்பப்பா இங்கினியாகலை அணைக்கட்டு வேலைக்கு வந்த வெள்ளைக்கார இஞ்சினியர். அவரை எங்கே தேடுவது? — வாசகர், அம்பாறை

இங்கினியாகலையில் 1949இல் தொடங்கிய கல்லோயா அணையைக் கட்டியது மொரிசன்-நட்சன் என்ற அமெரிக்கக் கம்பனி. அவர் அமெரிக்கராக இருக்கலாம். அமெரிக்கக் குடிசன மதிப்பு 1950 வரை திறந்துள்ளது. 1940ஆம் ஆண்டுப் பதிவில் தேடத் தொடங்குங்கள்.

அம்மப்பா இரண்டாம் உலகப் போரில் மட்டக்களப்பு விமானத்தளத்தில் இருந்த பிரித்தானிய விமானப் படைவீரர். திருமணம் நடக்கவில்லை. பேரப்பிள்ளைகளான நாங்கள் அவரைத் தேடலாமா? அவரைக் காட்டி பிரித்தானிய விசா எடுக்க முடியுமா? — வாசகர், வாழைச்சேனை

தேடலாம். சேவைப் பதிவேட்டுக்கு முழுப்பெயர், பிறந்த திகதி, முடிந்தால் சேவை இலக்கம் வேண்டும். அந்தப் பதிவேடுகள் பாதுகாப்பு அமைச்சிலிருந்து கியூவுக்குக் கட்டங்கட்டமாக மாற்றப்பட்டு வருகின்றன. 1939 பதிவேட்டில் படையிலிருந்தவர்கள் வரமாட்டார்கள், ஆனால் அவருடைய பெற்றோர் வருவார்கள். விமானப்படைத் தளங்களின் நாட்குறிப்புகள் கியூவில் ஏ.ஐ.ஆர். 28 தொடரில் உள்ளன. அவற்றில் அதிகாரிகளின் பெயர் வருமளவுக்குச் சாதாரண வீரர் பெயர் வராது.

பெயரே தெரியாவிட்டால் மரபணுப் பரிசோதனைதான் வழி. தாய் உயிரோடிருந்தால் அவரையே செய்யச் சொல்லுங்கள்; உங்களுக்கு அம்மப்பாவிடமிருந்து வந்தது சுமார் 25 வீதம், தாய்க்கு 50 வீதம். அம்மப்பாவுக்குப் பிரித்தானியாவில் வேறு குடும்பம் இருந்தால், அந்தப் பேரப்பிள்ளைகள் உங்களோடு சராசரி 450 சென்டிமோர்கன் (பகிரும் மரபணுவை அளக்கும் அலகு) அளவு பொருந்துவார்கள். அப்படி ஒருவர் கிடைத்தால் முதற் கடிதத்தில் “உங்கள் தாத்தா என் அம்மப்பா” என்று எழுதிவிடாதீர்கள். அவர்களுக்கு இது தெரியாமலிருக்கலாம். பொருத்தம் காட்டுகிறது, இலங்கையில் பணியாற்றியவர் யாரும் உங்கள் குடும்பத்தில் உண்டா என்று கேட்பதோடு நிறுத்துங்கள்.

விசாவைப் பொறுத்தவரை, பொதுநலவாய நாட்டவர், 17 வயது நிரம்பியவர், அங்கே வேலை செய்யும் எண்ணமும் தகுதியும் உள்ளவர் வம்சாவளி விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். பேரனோ பேத்தியோதான் கேட்கலாம், பூட்டப்பிள்ளைக்கு இடமில்லை. தாத்தா அல்லது பாட்டி பிரித்தானிய மண்ணில் பிறந்திருக்க வேண்டும். 1922 மார்ச் 31க்கு முன் இன்றைய அயர்லாந்துக் குடியரசில் பிறந்தவர்களும் சேர்வார்கள். கொழும்பில் பிறந்த பிரித்தானியர் கணக்கில் வரார். தாய் திருமண உறவுக்கு வெளியே பிறந்தது தடையாகாது, ஆனால் பரம்பரைத் தொடர்பை நிரூபிக்க வேண்டும். தாயின் பிறப்புப் பதிவில் தகப்பன் நிரல் வெறுமையாக இருந்தால் அங்கேதான் விண்ணப்பம் சிக்கும். கடதாசி வடிவிலான முழுமையான பிறப்புச் சான்றிதழ்கள் மூன்று தலைமுறைக்கும் வேண்டும், மேலே சொன்ன மலிவான கணினிப் பிரதி இதற்கு உதவாது. தமிழிலும் சிங்களத்திலும் உள்ளவற்றுக்குச் சான்றுபடுத்திய ஆங்கில மொழிபெயர்ப்பை இணையுங்கள்.