லாப்டொப் ஸ்கிரீன் கறுத்துப் போச்சுதோ? மாத்த முதல் கேளுங்கோ

கேள்வி (சுன்னாகம்): அண்ணை, லாப்டொப் போட்டால் லைற் எரியுது, ஃபான் சுத்துது, விண்டோஸ் துவங்குற சத்தமும் கேக்குது. ஸ்கிரீன் மட்டும் கறுப்பு. கடையிலை புது ஸ்கிரீன் போடவேணும் எண்டு சொல்லுறாங்கள். போடவோ?

பதில்: பொறுங்கோ தம்பி. முதல்லை அறையை இருட்டாக்கிப்போட்டு ஃபோன் ரோச்சை ஸ்கிரீனுக்குக் கிட்டச் சரிச்சுப் பிடிச்சுப் பாருங்கோ. ஐகன்கள் மங்கலாத் தெரிஞ்சால் படம் வருகுது, பின்வெளிச்சம்தான் போட்டுது. பனல், அதாவது படம் காட்டுற ஸ்கிரீன் தகடு, பழுதாவும் இருக்கலாம், அதுக்குப் போற கேபிளாவும் இருக்கலாம், மதர்போர்டிலை (உள்ளுக்கை இருக்கிற பெரிய சர்க்கியூட் பலகை) குறுணியளவு ஒரு ஃபியூஸ் எரிஞ்சதாவும் இருக்கலாம். ஃபியூஸ் எண்டால் புது ஸ்கிரீன் போட்டாலும் கறுப்புத்தான்.

பிறகு எச்டிஎம்ஐ வயராலை வீட்டு ரீவிக்குக் குடுங்கோ. படம் வராட்டி விண்டோஸ் பட்டனோடை பீ எழுத்தை அமத்தி டூப்ளிகேட்டைத் தெரிவு செய்யுங்கோ. ரீவியிலை வந்தால் படத்தை உருவாக்கிற கிராபிக்ஸ் பகுதி பெரும்பாலும் சுகம். அங்கையும் இல்லையெண்டால் ஸ்கிரீனுக்குக் காசு குடுக்காதேங்கோ.

கேள்வி (பருத்தித்துறை): மூடியைப் பாதி திறந்தால் படம் நிக்குது. நல்லா விரிச்சால் மினுங்கிப் போகுது.

பதில்: கேபிள்தான். பிணைச்சலுக்குள்ளாலை வளைஞ்சு வளைஞ்சு உள்ளுக்கை கம்பி அறுந்திருக்கும், இல்லாட்டி முனை இளகியிருக்கும். பனலை விடச் செலவு குறைவு. கழட்டுறவர் முதல்லை பற்றரி இணைப்பை எடுக்கிறாரோ எண்டு பக்கத்திலை நிண்டு பாருங்கோ. பற்றரி கிடக்கக் கேபிளை இழுத்துத்தான் கனபேர் அந்தக் குறுணி ஃபியூசை எரிக்கிறது. பனலே வாங்கவேண்டி வந்தாலும் '15.6 இஞ்சி' எண்டு மட்டும் சொல்லிக் கொழும்பிலை இருந்து எடுப்பிக்காதேங்கோ. கேபிள் மாட்டுற முனையிலை 30 பின் (ஊசி) உள்ளதும் இருக்கு, 40 பின் உள்ளதும் இருக்கு. பழைய பனலின்ரை முதுகிலை ஒட்டியிருக்கிற இலக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கோ.

கேள்வி (காரைநகர்): ரீவியிலையும் ஒண்டுமில்லை. போட்டவுடனை பீப் பீப் எண்டு அடிக்குது.

பதில்: அப்ப ஸ்கிரீனை மறவுங்கோ. முதல் சந்தேகம் ராமிலை (RAM எண்ட நினைவகப் பலகைத்துண்டு). சார்ஜரைக் கழட்டி, பற்றரியும் கழட்டலாமெண்டால் எடுத்து, பவர் பட்டனை 30 செக்கன் அமத்திப் பிடியுங்கோ. பிறகு ராமைக் கழட்டி, பொன்நிறப் பல்லை மெல்லிய துணியாலை துடைச்சு, 'கிளிக்' எண்டு இருக்க மாட்டுங்கோ. கடற்கரை வீடெண்டால் உப்புக்காத்து இணைப்புகளை மெல்ல மெல்லத் தின்னும். பீப்பின்ரை கணக்கு கொம்பனிக்குக் கொம்பனி வேறை. மொடல் பெயரோடை தேடிப் பாருங்கோ.

கேள்வி (நல்லூர்): டைப் பண்ணிக்கொண்டிருக்கேக்க ஸ்கிரீன் திடீரெண்டு நூருது, பிறகு தானாய் வருகுது. டெல் லாப்டொப்.

பதில்: தங்கச்சி, காந்தக் கவர் போட்ட ஃபோனைக் கீபோர்டுக்குக் கிட்ட வைக்கிறனீங்களோ? மூடி சாத்தியிருக்கோ எண்டு பாக்கிற சென்சர் காந்தத்தாலைதான் வேலை செய்யுது. கைச்சங்கிலியிலை காந்தப் பூட்டு இருந்தாலும் மூடிப்போட்டம் எண்டு நினைச்சு நித்திரைக்குப் போயிடும். அது இல்லையெண்டால் லாப்டொப்பை நிப்பாட்டி, டீ எழுத்தை அமத்திக்கொண்டே பவரைப் போடுங்கோ. கன டெல் மொடல்களிலை முழு நிறங்கள் ஒவ்வொண்டா வரும். அப்ப நிறம் ஒழுங்கா நிண்டால் பனல் நல்லம், விண்டோஸ் பக்கம் தேடுங்கோ: டிஸ்ப்ளே டிரைவரை (ஸ்கிரீனிலை படம் காட்ட விண்டோசுக்கு உதவுற மென்பொருள்) திரும்பப் போடுங்கோ.

கேள்வி (கொடிகாமம்): விழுந்து மூலையிலை வெடிச்சு, கறுப்பு பரவுது. ஒட்டலாமோ?

பதில்: ஏலாது. பனல் மாத்தத்தான் வேணும். அதுவரைக்கும் ரீவியிலை குடுத்து வேலையைப் பாருங்கோ, ஃபைல்களை ஒரு பென்ட்ரைவிலை எடுத்து வையுங்கோ.