டயாலிசிஸ் செய்துகொள்ளும் அம்மாவுக்கு வைட்டமின் சி, ஈ மாத்திரைகள் வாங்கித் தரலாமா?

நீங்கள் கேட்டிருப்பவை மூன்று: 1,000 மில்லிகிராம் வைட்டமின் சி, வைட்டமின் ஈ, காட் லிவர் எண்ணெய். சிறுநீரக மருத்துவர் சொல்லாமல் மூன்றில் எதையும் தராதீர்கள். நான் மருத்துவன் அல்லன். வாரம் மூன்று நாள் சிங்கப்பூரின் ஈசூனில் உள்ள டயாலிசிஸ் நிலையத்தில் உங்கள் அம்மாவைப் போலவே நாற்காலியில் சாய்ந்து கிடப்பவன். பக்கத்து நாற்காலிக்காரர்கள் பைக்குள்ளிருந்து எடுத்துக் காட்டும் குப்பிகளைப் பார்த்துப் பார்த்துத்தான் இதையெல்லாம் படிக்கத் தொடங்கினேன்.

டயாலிசிஸ் நோயாளிகளுக்கு ஆக்சிஜனேற்ற அழுத்தம் கூடும், இந்த வைட்டமின்கள் அதைத் தணிக்கும் என்று உங்கள் அண்ணன் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். ஆக்சிஜனேற்ற அழுத்தம், அதாவது செல்களைச் சேதப்படுத்தும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் உடலில் மிகுவது, கட்டுக்கதை அன்று. சிறுநீரகம் செயலிழந்தவரின் உடலில் கழிவுகள் தேங்குவதாலேயே அது கூடிவிடுகிறது. டயாலிசிஸின்போது ரத்தம் வடிகட்டியின் செயற்கைச் சவ்வில் உரசும்போது வெள்ளணுக்கள் அதை அந்நியப் பொருளாகக் கருதிச் சீறுகின்றன. அப்போது வெளிப்படும் வினைத்திறன் மிகுந்த ஆக்சிஜன் மூலக்கூறுகள் ரத்தக்குழாய்களின் உட்சுவரைக் காயப்படுத்துகின்றன. ரத்தசோகைக்கு ஊசி வழியாக ஏற்றும் இரும்புச்சத்துக்கும் இதில் பங்கு உண்டு. அதற்காக இரும்பு ஊசியை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

வைட்டமின் சி நீரில் கரைவது. அரிசி களைந்த நீரோடு சத்தும் போவதைப் போல, நான்கு மணி நேரச் சுத்திகரிப்பில் கழிவோடு சேர்ந்து அதுவும் வெளியேறிவிடுகிறது. பொட்டாசியத்துக்குப் பயந்து பழங்களையும் குறைத்துக்கொண்டவர்களுக்குப் பற்றாக்குறை எளிதில் வரும். ஆகவே ஈடுகட்டுவது சரிதான். ஆனால் எவ்வளவு? சிறுநீரக நோயாளிகளுக்கென்றே இருக்கும் வைட்டமின் பி, சி கூட்டு மாத்திரையில் பொதுவாக 60 முதல் 100 மில்லிகிராம் வரைதான் சி இருக்கும். டயாலிசிஸ் நாளில் சுத்திகரிப்பு முடிந்த பிறகு அதைப் போடச் சொல்வார்கள்.

1,000 என்பது அதைப்போல் குறைந்தது பத்து மடங்கு. மிஞ்சும் வைட்டமின் சியின் ஒரு பகுதி உடலில் ஆக்சலேட் என்னும் கழிவுப்பொருளாக மாறுகிறது. நல்ல சிறுநீரகம் அதைச் சிறுநீரில் தள்ளிவிடும். இயந்திரத்தால் முழுவதையும் எடுக்க முடியாது. எஞ்சியது எலும்பு, மூட்டு, ரத்தக்குழாய், இதயத் தசை என்று படிகிறது. எந்தக் கடைத்தொகுதிக்குப் போனாலும் கண்ணில் படும் அந்த நுரைக்கும் மாத்திரைகளில் சோடியம் வேறு இருக்கிறது. தாகம் எடுக்கும், தண்ணீர் குடிப்பார், அடுத்த முறை எடை கூடி வருவார். சளிக்கு நல்லது என்று யார் சொன்னாலும் எனக்கு அந்தக் குப்பியைக் கண்டாலே எரிச்சல் வருகிறது.

வைட்டமின் ஈ விஷயத்தில் நம்பிக்கை ஒரு காலத்தில் இருந்தது. 2000ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் வெளியான இஸ்ரேலிய ஆய்வில், இதய நோயும் இருந்த 196 டயாலிசிஸ் நோயாளிகளில் ஒரு பகுதியினருக்குத் தினமும் 800 அலகு தரப்பட்டது. அவர்களுக்கு மாரடைப்பு போன்ற பாதிப்புகள் குறைந்தன. ஆனால் மொத்த மரணங்களில் பெரிய வேறுபாடு இல்லை. 196 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. 2020இல் வந்த அமெரிக்கச் சிறுநீரக ஊட்டச்சத்து வழிகாட்டியோ, டயாலிசிஸ் நோயாளிகளுக்கு வைட்டமின் ஏ, ஈ இரண்டையும் வழக்கமாகத் தர வேண்டாம் என்கிறது. அம்மா ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை எடுப்பவராக இருந்தால் இன்னும் கவனம். வைட்டமின் ஈ அதிகமானால் ரத்தக்கசிவு அபாயம் கூடும்.

காட் லிவர் எண்ணெயில் வைட்டமின் ஏ மிகுதி. சிறுநீரகம் செயலிழந்தவர்களிடம் அது ஏற்கெனவே சேர்ந்துதான் இருக்கும், சுத்திகரிப்பிலும் போகாது. வேண்டவே வேண்டாம்.

சாப்பாட்டில் சேர்க்க விரும்பினால் குடைமிளகாய், முட்டைக்கோஸ் பற்றி உணவியல் நிபுணரிடம் கேளுங்கள். முருங்கைக்கீரைச் சூப், இளநீர் இரண்டும் இயற்கையானவைதாம், பொட்டாசியமும் இயற்கையாகவே நிறைய. ஈரச்சந்தையில் கிடைக்கும் நட்சத்திரப் பழத்தைத் தொடவே கூடாது; அதிலுள்ள நச்சு நம்மைப் போன்றவர்களுக்கு விடாத விக்கலில் தொடங்கி வலிப்பு வரை கொண்டுபோகும்.

அம்மாவுக்கு நீரிழிவும் உண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். ரத்தத்தில் வைட்டமின் சி மிக அதிகமானால், விரலில் குத்திப் பார்க்கும் சில சர்க்கரைமானிகள் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். அந்த எண்ணை நம்பி இன்சுலினைக் கூட்டினால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும். மாத்திரையை ஏற்கெனவே தொடங்கியிருந்தால், அடுத்த முறை வரை காத்திராமல் இன்றே நிலையத்துத் தாதியிடம் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.