தருமபுரி, கிருஷ்ணகிரி பேருந்துத் தடங்களை வலையமைப்பு ஆய்வாக எப்படித் தொடங்குவது?

முதுநிலை ஆய்வுக்கு நல்ல தலைப்பு. இயற்பியல், கணினி, புவியியல் மூன்றும் இதில் கலக்கும். எதைக் கணு (வலையின் புள்ளி), எதை இணைப்பு (இரு புள்ளிகளைச் சேர்க்கும் கோடு) என்பது என்று முதலில் முடிவு செய்யுங்கள். இங்கேதான் சறுக்குவது எளிது.

தருமபுரி–பாலக்கோடு–ராயக்கோட்டை–ஓசூர் தடத்தை எடுத்துக்கொள்வோம். அடுத்தடுத்த நிறுத்தங்களை மட்டும் இணைத்தால் 3 இணைப்புகள். சாலையின் வடிவம் தெரியும். ஒரே பேருந்தில் போகக்கூடிய எல்லா ஊர்களையும் ஒன்றோடொன்று இணைத்தால் 6. இந்த இரண்டாவது முறையில், குறுகிய பாதையில் உள்ள இணைப்புகளின் எண்ணிக்கையில் 1 கழித்தால் எத்தனை முறை பேருந்து மாற வேண்டும் என்பது கிடைக்கும். பென்னாகரத்துப் பயணிக்கு அதுவே முக்கியம்.

கணக்கிட, பைத்தான் நிரல்மொழியில் வலையமைப்புகளுக்கான நெட்வொர்க்எக்ஸ் தொகுப்பு போதும். ஆனால் இடைமையம் (மற்ற ஊர்களுக்கு இடையிலான குறுகிய பாதைகளில் ஓர் ஊர் எவ்வளவு வருகிறது என்ற அளவு) கணக்கிடும்போது, இணைப்புக்கு நாம் தரும் எடையை, அதாவது எண்ணை, அது தூரமாகவே கொள்ளும். பேருந்து நடைகளின் எண்ணிக்கையை அப்படியே கொடுத்தால், அடிக்கடி பேருந்து ஓடும் வழி தொலைவானதாகிவிடும். பயண நிமிடங்களைக் கொடுங்கள்.

மாவட்ட எல்லையில் வெட்டாதீர்கள். சேலம், பெங்களூரு, திருப்பத்தூரை விட்டால் தொப்பூரும் ஓசூரும் ஓரத்து ஊர்களாகச் சுருங்கும். ஒரே ஊர் 'அரூர்', 'ஹரூர்' என்று இரண்டு கணுவாகவும் கூடாது.

கொத்துக் கெழுவை (ஓர் ஊரோடு இணைந்த ஊர்கள் தமக்குள்ளும் எவ்வளவு இணைந்துள்ளன என்ற அளவை) தனியாகப் பார்த்து முடிவு சொல்ல முடியாது. ஒவ்வொரு கணுவின் இணைப்பு எண்ணிக்கையையும் மாற்றாமல், இணைப்புகளைத் தற்போக்காகக் கலைத்து உருவாக்கிய 1000 வலைகளோடு ஒப்பிடுங்கள். ஒரே தடத்து ஊர்கள் எல்லாம் ஒன்றோடொன்று இணையும் இரண்டாவது முறையில் இந்தக் கெழு இயல்பாகவே உயர்ந்திருக்கும்.