என் கை மாவுக்கு ஆகாதா அக்கா?

கேள்வி: அக்கா, கல்யாணமாகி கோயம்புத்தூர் வந்து எட்டு மாசம் ஆச்சு. அத்தை அரைச்ச மாவு பொங்கி வழியுது, நான் அரைச்சா கல்லு மாதிரி அப்படியே கிடக்குது. நாலு தடவை இப்படி ஆயிடுச்சு. "உன் கை மாவுக்கு ஆகாது"ங்கறாங்க அத்தை. எனக்கும் அப்படித்தான் தோணுது. வீட்டுக்காரர் மட்டும் நாலு தடவைய வச்சு முடிவு கட்டாதேங்கறார். அப்போ கண்ணால பார்க்கறத வச்சு எதையுமே முடிவு பண்ணக்கூடாதா? அத்தை ஞாயித்துக்கிழமை மதியம் கிரைண்டர்ல போடுவாங்க, நான் வேலை முடிஞ்சு வந்து ராத்திரி ஒன்பது மணிக்கு மிக்ஸியில அரைப்பேன். இந்த மார்கழியில இருந்துதான் இந்தத் தொல்லை.

பதில்: முடிவு பண்ணலாம் தங்கச்சி, பண்ணாம வாழவே முடியாது. நாலு தடவை பார்த்து ஒரு பொது விதிக்கு வர்றதைத்தான் பி.எட் புக்குல விதிவருமுறைன்னு போட்டிருப்பாங்க. பால்காரர் ஆறு மணிக்கு வந்துருவார்னு பாத்திரத்தைக் கழுவி வைக்கிறோமே, அதுவும் இதுதான். ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம், அதுவும் இதுதான். ஆனா அந்த ஒரு சோறு ஏன் போதுதுன்னா, பானைக்குள்ள ஒரே அரிசி, ஒரே உலை, ஒரே தீ. பக்கத்து வீட்டுப் பானைக்கு அந்தப் பதம் செல்லாது. உங்க வீட்டுல ரெண்டு பானையையும் ஒண்ணா வச்சுப் பேசிட்டு இருக்கீங்க.

உங்க லெட்டர்ல கடைசி ரெண்டு வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிச்சேன். கை மட்டுமா மாறியிருக்கு? கிரைண்டர்ல உளுந்து காத்து ஏறி பொசுபொசுன்னு வரும், மிக்ஸி சீக்கிரம் சூடாகும், அத்தை மாவுக்கு மதியத்துல இருந்து மறுநாள் காலை வரைக்கும் டைம் இருக்கு, உங்க மாவுக்கு ராத்திரி ஒன்பதுல இருந்து ஆறு மணி வரைக்கும்தான், அதுவும் மார்கழிக் குளிர்ல. மாவைப் புளிக்க வைக்கிற பாக்டீரியா பெரும்பாலும் உளுந்து, அரிசியோடயே ஒட்டிட்டு வர்றது, 30 டிகிரி பக்கம் இருந்தா மளமளன்னு வேலை பார்க்கும், குளிர்ந்தா சோம்பேறி. அது சரி, ஐப்பசியில நீங்க அரைச்ச மாவு எப்படி இருந்துச்சு? லெட்டர்ல அதைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. பொங்காத நாலு நாள் ஞாபகம் இருக்கு, பொங்குன நாளை அத்தையும் எண்ணலை நீங்களும் எண்ணலை.

1854ல லண்டன் சோஹோவுல காலரா வந்தப்போ ஜான் ஸ்நோங்கற டாக்டர், பிராட் ஸ்ட்ரீட் பம்பு தண்ணிதான் காரணம்னு சந்தேகப்பட்டார். பம்பு பக்கத்துல நிறைய பேர் செத்தாங்கன்னு மட்டும் சொல்லியிருந்தா, அந்த ஏரியா காத்தே கெட்டுப்போச்சுன்னு மத்தவங்க சொல்லியிருப்பாங்க, அப்போ எல்லாரும் நம்புனது அதைத்தான். அவர் கணக்குல சேராத ஆளுங்களைத் தேடிப் போனார். பம்புக்குப் பக்கத்துலயே ஒரு பீர் ஃபேக்டரி, அங்க வேலை பார்த்தவங்கள்ல யாரும் காலராவுல சாகலை, ஏன்னா அவங்க பீர் குடிப்பாங்க, தனிக் கிணறும் இருந்துச்சு. தூரத்துல ஹாம்ப்ஸ்டெட்ல ஒரு அம்மா செத்துப்போனாங்க, விசாரிச்சா அந்தப் பம்பு தண்ணி ருசின்னு வண்டியில வரவழைச்சுக் குடிச்சவங்களாம். பக்கத்துலயே இருந்து தப்பிச்சவங்க, தூரத்துல இருந்தும் மாட்டுனவங்க, இவங்கதான் தண்ணியைக் காட்டிக் கொடுத்தாங்க. எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும், கேட்காதவங்களுக்கும் சொல்லிட்டு இருப்பேன்.

நீங்களும் அப்படி ஒரு ஆளைத் தேடுங்க, அதாவது உங்க கை பட்டும் பொங்குன மாவை. இந்த ஞாயித்துக்கிழமை அத்தை கிரைண்டர்ல போட்ட மாவையே ரெண்டு ஒரே மாதிரி பாத்திரத்துல பாதிப் பாதியா எடுங்க, உப்பும் ஒரே அளவு, ஒண்ணை அவங்க கலக்கட்டும், ஒண்ணை நீங்க கலக்குங்க, பக்கத்துப் பக்கத்துல வைங்க. ரெண்டும் பொங்குச்சுன்னா கை மேல இருந்த கேஸ் பாதி தள்ளுபடி. பாதிதான், ஏன்னா ஒரு ஞாயிறு பத்தாது, மூணு நாலு வாரம் பாருங்க, காலண்டர் தாள்ல குறிச்சு வைங்க, பொங்குன நாளையும் சேர்த்து. அப்புறம் நேரம், அப்புறம் மிக்ஸி, ஒரு தடவைக்கு ஒண்ணைத்தான் மாத்தணும், எல்லாத்தையும் ஒண்ணா மாத்துனா எது காரணம்னு மறுபடி குழம்பிருவீங்க.

அத்தைகிட்ட டெஸ்ட்டு, நிரூபிக்கிறேன்னு எல்லாம் ஆரம்பிக்காதீங்க. "கை வலிக்குது அத்தை, பாதியை நீங்க கலக்குறீங்களா"ன்னு கேளுங்க, கலக்கிக் குடுப்பாங்க. காலையில ரெண்டு மூடியையும் அவங்களையே திறக்கச் சொல்லுங்க.